லேடீஸ் ஆபீஸ் மினிஸ்டர்

எந்தத் தேர்தலிலும் நிற்காமல், யாருக்கும் போஸ்டர் ஒட்டாமல், யார் காலிலும் விழாமல் ஆம்பூரில் மந்திரியாக இருந்த ஒரே ஆள் எங்கள் மினிஸ்டர்தான். கோட்டையில் இருக்கிறவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்லிவிடுகிறேன். அவரைப் போல ‘முடியாது’ என்று சொல்லத் தெரிந்தவர் இந்த மாநிலத்திலேயே கிடையாது. அதே ஒரு வார்த்தையைச் சிரித்துக்கொண்டு சொல்வார், கொட்டாவி விட்டுக்கொண்டு சொல்வார், கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டுகூடச் சொல்வார். கேட்டுவிட்டுப் போன பெண்களுக்கு வீட்டில் சோறு இறங்காது.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஷூ கம்பெனியில், மேல்பாகம் தைக்கிற லைனில் சூப்பர்வைசர். மந்திரிப் பதவி கிடைத்தது எங்கள் மாடியில்.

எங்கள் மாடி என்பது ஷூ சோல் விற்கிற ஒரு கடைக்கு மேலே இருக்கிற சங்க ஆபீஸ். வாசல் பலகையில் தமிழிலும் உருதுவிலும் இங்கிலீஷிலும் நீளமாக ஒரு பெயர் இருக்கும், அதை முழுதாகப் படித்தவர்களை நான் பார்த்ததில்லை. ஊருக்கு அது லேடீஸ் ஆபீஸ். பெண்களையும் குடும்பங்களையும் தொடுகிற சட்டம் எதை மாநில அரசு கொண்டுவந்தாலும் படிப்போம், கொண்டுவராவிட்டால் ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்போம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பேதம் பார்க்காமல் எல்லாரையும் சமமாகப் பேஜார் பண்ணுவோம். நடத்துகிறவர் ஷமீம் ஆபா. ஆபா என்றால் அக்கா, ஆனால் அவரைவிட மூத்தவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மனு எழுதுகிற வேலை எனக்கு.

அந்த வருஷங்களில் நாங்கள் கையில் எடுத்திருந்தது வீட்டு விஷயம். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கின வீடு, பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சமம். பெண்டாட்டி கையெழுத்து இல்லாமல் அதை விற்கக் கூடாது. இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போதும் ஒரு பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது என்று கோர்ட்டில் கேட்டு வாங்கலாம். அந்த வீடு அவளுடையதும்தான் என்று சொல்ல வைப்பதற்குள் அவளுக்குத் தலை நரைத்துவிடும்.

மினிஸ்டர் முதலில் மாடிப்படி ஏறி வந்தது மந்திரியாக இல்லை, ஒரு கேஸாக. புருஷன் லாரி டிரைவர். ஓசூருக்கு லோடு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவன், அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். இவர் இருந்த வீடு இவருடைய சம்பளத்திலும் பி.எஃப். பணத்திலும் எழும்பினது. பத்திரம் மட்டும் அவன் பெயரில். இப்போது அவன் விற்கப் போகிறான்.

“ஏன்க்கா அவர் பேர்ல எழுதினீங்க?” என்று கேட்டேன்.

“ஆம்பள பேர்ல இருந்தாத்தான் லட்சணம்னு எங்கம்மா சொல்லிச்சு. நானும் மண்டைய ஆட்டிட்டேன். வூடு கட்டத் தெரிஞ்சுது, இது தெரியல பாப்பா.”

ஆபா ஒரு வக்கீலைப் பிடித்துக் கேஸ் போட்டார். வாய்தா நாளெல்லாம் போக மீதி நாட்களில் இவர் ஷிப்ட் முடிந்து நேராக எங்கள் மாடிக்கு வந்து, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் ஒத்திகை. அது ஆபாவின் கண்டுபிடிப்பு. பெரிய மனுஷன் முன்னால் போய் நின்றால் எங்கள் பெண்களுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போகிற முன்னால் ஆபீஸிலேயே ஒருவரை மந்திரியாக உட்கார வைத்துப் பேசிப் பழகுவோம். அன்றைக்கு மந்திரி நான். “கண்டிப்பா செய்யலாம்மா, கவலைப்படாதீங்க” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“எந்திரி பாப்பா.”

“இன்னாக்கா?”

“நீ மந்திரியா? கல்யாண வூட்ல பன்னீர் தெளிக்கறவ மாரி இருக்கே. எந்திரின்றேன்ல.”

எழுந்தேன். அவர் நாற்காலியை வந்தவர்களுக்கு நேராகப் போடாமல் பக்கவாட்டில் திருப்பிப் போட்டார். ஒரு காலை மடித்து உட்கார்ந்தார். கம்பெனி ஏப்ரனை நாலாக மடித்துத் தோளில் போட்டார். மேஜையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்துக் காதில் வைத்தார். “ஆங், சொல்லு தலைவரே. இங்க நாலு லேடீஸ் வந்துகினு இருக்காங்க. ஒண்ணுமில்ல, சும்மா. அனுப்பிட்டு வர்றேன்.”

மனுவோடு நின்றது மேரி, லைனிங் ஒட்டுகிற பெண். அதை நீட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“ஐயா, வணக்கம். நாங்க ஆம்பூர்லருந்து…”

“ஆம்பூரா? பிரியாணி கொண்டாந்தியா?”

“இல்லிங்கய்யா.”

“அப்புறம் இன்னாத்துக்கு வந்தே?”

“அடுத்த வாட்டி கொண்டாறேங்கய்யா” என்று சொல்லிவிட்டு மேரி பின்பக்கமாகவே நடந்து, படியிறங்கி, தெருவைத் தாண்டிப் போய்விட்டாள். பஸ் ஸ்டாப்பில் போய்ப் பிடித்து, அது மினிஸ்டர் இல்லை, தையல் லைன் அக்கா என்று எடுத்துச் சொல்லி அழைத்து வந்தோம். அன்றிலிருந்து அவர் மினிஸ்டர்.

இவ்வளவு எங்கே கற்றார் என்று கேட்டதற்கு, “கம்பெனி மானேஜர்கிட்ட லீவு கேட்டுப் பாத்திருக்கியா நீ?” என்றார்.

பதவி ஏறினவருக்கு இறங்கத் தெரியவில்லை. ஆபீஸில் புதிதாகக் கக்கூஸ் கட்டினோம். திறக்கிற அன்று மினிஸ்டர் வெளியே ரிப்பன் கட்டி வைத்து, தோல் ஓரம் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து வந்து வெட்டி, “இந்தக் கக்கூசை நாட்டு மக்களுக்கு அர்ப்பணிக்கிறேன்” என்று பேச ஆரம்பித்தார். பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. அவசரமாக நின்றுகொண்டிருந்த ஆபா, “யா அல்லா! மொதல்ல தெறந்து வுடுமே, அப்புறம் அர்ப்பணிப்பே!” என்று அலறினார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஒத்திகையில் மட்டும் கொஞ்சம்கூட இரக்கம் கிடையாது. யாராவது அழுதால் தொலைந்தது, கீழே இறங்கிப் போய் மறுபடியும் முதல் படியிலிருந்து ஏறி வர வேண்டும். “பாவம், வுட்டுடேன்” என்று ஆபா சொல்லுவார். “அழுதா தண்ணி குடுத்து அனுப்பிடுவான் ஆபா. நமக்கு இன்னா தண்ணியா வேணும்?” என்று இவர் பதில் சொல்லுவார். இரண்டு பேருக்கும் சண்டை வந்து ஒரு வாரம் பேசாமல் இருந்ததும் உண்டு. அந்த வாரத்தில் ஆபா ஆபீஸுக்கே வரமாட்டார், எனக்கு போன் பண்ணி, “அவ சாப்ட்டாளா பாரு” என்பார்.

வீட்டையும் அவர் மந்திரியாகவே காத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டில் வடை தின்றுகொண்டிருந்தபோது புரோக்கர் ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தான், வீடு பார்க்க. மினிஸ்டர் வாசலில் நாற்காலி போட்டுக் காலை மடித்து உட்கார்ந்துகொண்டார்.

“வாங்க. மனு கொண்டாந்தீங்களா?”

வாங்க வந்தவர் திருதிருவென்று விழித்தார். “இன்னா மனுங்க?”

“இந்த வூடு வேணும்னா மனு குடுக்கணும். எழுதி வச்சிட்டுப் போங்க, பரிசீலிக்கறேன்.”

“எப்பங்க தெரியும்?”

“சட்டசபை கூடட்டும்.”

அந்த மனுஷன் பெண்டாட்டி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போன வேகத்தில் ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டார். அந்த வீட்டில் ஒரு பைத்தியம் இருக்கிறது என்று புரோக்கர்கள் நடுவில் பேச்சாகிவிட்டது. கொஞ்ச காலத்துக்கு யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. புருஷன்காரன் போனில் பேசினான். கத்தவில்லை, திட்டவில்லை. “இங்க ஓசூர்ல பசங்களுக்குப் பீஸ் கட்டணும், கொஞ்சம் புரிஞ்சிக்கோ” என்று மெதுவாகச் சொன்னான். பார்த்தாலும் பேசினாலும் வில்லன் மாதிரியே இருக்க மாட்டான், அதுதான் எனக்கு எரிச்சல்.

சென்னைக்குப் போய் உண்மையான மந்திரியைப் பார்க்க நேரம் கிடைத்தது. சட்டத்தைப் பற்றி ஆபா பேசுவார். சொந்தக் கதை ஒன்று வேண்டும். எங்களில் மினிஸ்டரின் கதையைவிடப் பொருத்தமானது ஏது? “இன்னிக்கு நீ இந்தப் பக்கம் வந்து நில்லு. பாப்பா மந்திரி” என்றார் ஆபா.

மினிஸ்டர் எழுந்து வந்து புடவையைச் சரி செய்துகொண்டு என் முன்னால் நின்றார்.

“ஐயா…” என்றார்.

“சொல்லும்மா” என்றேன், முடிந்த மட்டும் விறைப்பாக.

“ஐயா, என் வூடு…” அதற்கு மேல் வரவில்லை. பிறகு கையை இடுப்பில் வைத்தார், குரல் மாறியது. “இது குடும்ப விஷயம்மா. இதுல கவர்மென்ட் இன்னா பண்ணும்? வூட்டுக்காரர்கிட்ட பேசி சமாதானமாப் போம்மா. நெக்ஸ்ட்டு!”

தன் மனுவைத் தானே தள்ளுபடி பண்ணிவிட்டார். அறையே சிரித்துக் கை தட்டியது, அவரும் சிரித்தார். பிறகு உள்ளே போனார். வெகு நேரம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவரின் கண் சிவந்திருந்தது. இன்னொரு தரம் நில்லுங்கள் என்று சொல்ல ஆபாவுக்கும் மனசு வரவில்லை.

சென்னை போகிற அன்று இன்னொரு சிக்கல். மினிஸ்டர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயும் தங்கமாட்டார். அவர் இல்லாத சமயத்தில் புருஷன் பூட்டை மாற்றிவிட்டால்? திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்த மகளின் சீமந்தத்துக்குக்கூடப் போய் உடனே திரும்பினவர். கடைசியில் ஆபாவின் வீட்டுக்காரரைக் காவல் போட்டோம். பாய் பிளாஸ்க்கும் பேப்பருமாக வாசலில் உட்கார்ந்தார். “கொசு உள்ள போனாலும் போன் பண்ணணும் பாய்” என்று சொல்லிவிட்டுத்தான் மினிஸ்டர் ரயிலேறினார்.

ரயிலிலும் ஒத்திகைதான். காட்பாடியில் ஏறின ஒரு பெரியவர், கால் மடித்து உட்கார்ந்து மேரியை “மனுவ நேராப் புடி!” என்று அதட்டிக்கொண்டிருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து கை கூப்பி, “அம்மா, எங்க தெருவுக்கு ரோடு போட்டுத் தரணும்” என்றார். “பரிசீலிக்கறேன்” என்றார் மினிஸ்டர், கண் சிமிட்டாமல். பெரியவர் அரக்கோணத்தில் சந்தோஷமாக இறங்கினார். இன்றைக்கும் அந்தத் தெருவில் ரோட்டுக்காகக் காத்திருப்பார், பாவம்.

கோட்டையில் நாங்கள் பார்த்தவர் எந்தத் துறை, எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். நாங்கள் உள்ளே போனதும் அந்த மனுஷன் எழுந்து நின்றார். “வாங்கம்மா, வாங்க. உக்காருங்கக்கா” என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். எல்லாருக்கும் காபி வந்தது. அடித்த போனை எடுக்காமல் கவிழ்த்து வைத்தார். ஆபா பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. “ரொம்ப நியாயமான கோரிக்கை. எங்க அம்மாவே இதுல கஷ்டப்பட்டிருக்காங்க” என்றார்.

நான் மினிஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. எத்தனை விதமான விரட்டலுக்குத் தயாராக வந்திருந்தார்! இதற்கு மட்டும் அவரிடம் ஒன்றும் இல்லை.

மந்திரி அவர் பக்கம் திரும்பினார். “அக்கா, நீங்க ஒண்ணும் பேசலையே. உங்க வீட்ல ஏதாவது பிரச்சனையா?”

ஆபா மேஜைக்கு அடியில் காலை மிதித்தார். மேரி முழங்கையால் இடித்தாள். மினிஸ்டர் எழுந்தார். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரிடம் பேசுகிற மாதிரி, வாய் நிறையச் சிரித்தார்.

“இல்லிங்கய்யா. ஒரு கொறையும் இல்ல. நல்லா இருக்கோம். நீங்க நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கேன்க்கா” என்றார் மந்திரி. எல்லாரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். வெளியே வந்துவிட்டோம்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். ரயில் வருவதற்கு முன்னால் மினிஸ்டரே வாயைத் திறந்தார்.

“திட்டியிருந்தான்னா பேசியிருப்பேன் ஆபா. சத்தியமாப் பேசியிருப்பேன். உக்காருங்கக்கான்னு சொல்லிட்டான். என்னை ஒரு ஆம்பள அப்டிச் சொல்லி எத்தினி வருசமாச்சு தெரியுமா? அவன்கிட்டப் போயி எப்டி என் வூட்டு அசிங்கத்தக் கொட்றது?” சொல்லிவிட்டு அழுதார். பிளாட்பாரத்தில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு அழுதார். ஆபா அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அந்தக் காபியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கசக்கிறது.

கோட்டையிலிருந்து பதில் வந்தது. கோரிக்கை பரிசீலனையில் உள்ளதாம்.

அதற்குப் பிறகு மினிஸ்டர் தன் பாணியை மாற்றிக்கொண்டார். ஒத்திகையில் எழுந்து நின்று வரவேற்றார், காபி கொடுத்தார், சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். பெண்கள் குளிர்ந்துபோய் நன்றி சொல்லிக் கிளம்பும்போது வாசலில் மறித்துக்கொள்வார்.

“இன்னா குடுத்தான்?”

“காபிக்கா.”

“அப்புறம்?”

“போட்டோ எடுத்தாங்கக்கா.”

“சட்டம் இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு ஏதாச்சும் சொன்னானா? திரும்ப உள்ள போங்கடி!”

பிரியாணி கொண்டுவருவதாகச் சொல்லி ஓடின மேரிதான் முதலில் தேறினாள். “காபி அப்புறம் குடிக்கிறோம் சார், எந்தக் கூட்டத்தொடர்ல வைப்பீங்கன்னு சொல்லுங்க” என்று இப்போது அவள் கேட்டால், எம்.எல்.ஏ.க்களின் பி.ஏ.க்கள் டைரியை எடுக்கிறார்கள். ஒத்திகையில் முதல் தரம் அப்படிக் கேட்ட அன்றைக்கு, அவளை வெளியே அனுப்பிவிட்டு மினிஸ்டர், “தேறிட்டாடி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இவருக்குத்தான் நேரம் கூடிவரவில்லை. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆம்பூரிலிருந்து திருப்பத்தூர் என்ன அமெரிக்காவா? ஆனாலும் இவர் போய்த் தங்கவில்லை. பேத்தியைப் போனில் பார்த்தார். கேஸ் வாய்தாவிலேயே நின்றது. வாசலில் பைக் சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடும் அளவுக்கு வந்துவிட்டார். மூச்சு வாங்கியது, வேலையையும் விட்டார்.

“காவக்காரியா ஆயிட்டேன் பாப்பா. வூட்ல நான் இருக்கேனா, வூடு என்னைப் புடிச்சு வச்சிருக்கா தெரியல. அந்தக் கொழந்தைய ஒரு தபா மடியில போட்டுக்கணும்.”

அந்தச் சமயத்தில்தான் ஒரு சின்ன வயது ஜோடி வீடு பார்க்க வந்தது. இரண்டு பேரும் ஷூ கம்பெனியில் வேலை. அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு பின்னாலேயே நின்றாள். ஆபாவும் நானும் அங்கே இருந்தோம். மினிஸ்டர் மனு கேட்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

“லோன் யாரும்மா கட்டப் போறது?”

“ரெண்டு பேரும்தான்க்கா.”

“பத்திரம்?”

அவள் புருஷனைப் பார்த்தாள். “அவர் பேர்லதான்க்கா.”

மினிஸ்டர் அவள் புருஷனிடம் சொன்னார்: “தம்பி, நான் கேஸை வாபஸ் வாங்கிட்டு வூட்டைக் காலி பண்ணிடறேன். ஒரு சண்டையும் போட மாட்டேன். ஆனா பத்திரத்துல உன் பேரோட இவ பேரும் ஏறணும். இல்லேன்னா என் பொணம்தான் இங்கருந்து போவும்.”

ஆபா அவர் கையைப் பிடித்தார். “அரே, அவசரப்படாதே. கேஸ் நடத்தலாம். சட்டம் வரும்மே.”

“வரும் ஆபா. நீ வுடாம கேளு, நிச்சயம் வரும். நான் இருக்கறப்ப வராது.”

ஆபா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பத்திரம் பதிகிற அன்று மினிஸ்டர், தான் வராமல் முடியாது என்று பிடிவாதமாக ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்தார். உள்ளே இருந்தவர் கேட்டார், “நீங்க விக்கறவங்களாம்மா, வாங்கறவங்களா?”

“ரெண்டும் இல்லிங்க.”

“சாட்சியா?”

“அதுவும் இல்லிங்க.”

“அப்ப கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா.” அவர் மேல் தப்பில்லை. எழுதி வைத்திருந்த எந்தக் காகிதத்திலும் இவர் பெயர் இல்லை.

மினிஸ்டர் வெளியே வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மினிஸ்டரின் புருஷன் கையெழுத்துப் போட்டான். வாங்குகிறவன் போட்டான். அந்தப் பெண்ணைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள், விரல் ரேகை எடுத்தார்கள். “இவ பேரும் ஏறிச்சுல்ல? நல்லாப் பாத்தியா பாப்பா?” என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்த அவளிடம் சாவியைக் கொடுத்தார். மினிஸ்டரின் புருஷன் பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவனைப் பார்க்கவே இல்லை.

போன மாதம் திருப்பத்தூருக்குப் போய்ப் பார்த்தேன். மகள் வீட்டு முன்னறையில் படுத்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. பேத்தி அவர் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆயா, ஆயா என்று காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“சட்டம் இன்னா ஆச்சு?” என்றார்.

“கேட்டுகினு இருக்கோம்க்கா. மேரிதான் இப்பப் போயிட்டு வர்றா.”

“அந்தப் பொண்ணு நல்லாருக்குதா?”

“நல்லாருக்காக்கா. வாசல்ல பெயின்ட் அடிச்சிருக்கா.”

“அவளக் கேக்காம அத யாரும் விக்க மாட்டாங்கல்ல?”

“அவ கையெழுத்து இல்லாம யாரும் விக்க மாட்டாங்கக்கா.”

தலையை ஆட்டினார். கண் ஓரத்தில் வழிந்ததைப் பேத்தி தன் உள்ளங்கையால் துடைத்தாள். “கெளம்பு பாப்பா, பஸ்ஸு போய்டும்” என்றார். அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு பிடித்துவிட்டேன். அவர் தூங்கிப்போனார். அடுத்த பஸ்ஸையும் விட்டேன்.